நாற்காலியில் செல்லக்கனி

உப்பு வாரி வாரிச் செல்லக்கனியின் கைரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அரிசி இல்லை. வாராவாரம் தாலுகா அலுவலகத்துக்கு வந்து நின்றவளிடம் வழங்கல் அதிகாரி நிமிராமலே சொன்னார்: "ரேகை விழலைன்னா நீ இல்லவே இல்லைம்மா. ரேகையோட வா."

"சரி சார்" என்றவள், அவர் தண்ணீர் குடிக்க எழுந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், எந்திரி."

"நான்தான் இல்லையே சார். காலி நாற்காலியப் பாத்து எதுக்குச் சத்தம் போடுதீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி பியூனைக் கூப்பிட்டார். "இந்த உப்பளத்துச் செல்லக்கனிய வெளியே அனுப்புய்யா."

செல்லக்கனி தானே எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டாள். "எல்லாரும் கேட்டீங்கள்ல? மெஷினுக்குத் தெரியாட்டியும் சாருக்கு என்னைத் தெரியுது. அதையே எழுதிக் குடுங்க சார்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் உலை கொதித்தது.