புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

பலாக்காட்டில் ஒரு கரடி இருந்தது. மழைக்காலத்துக்கென்று ஒன்பது குடம் தேன் சேர்த்து வைத்திருந்தது. தேன் இருக்கிற வீட்டுக்கு நரி வராமல் இருக்குமா? வந்தது, தோளில் ஒரு பழைய துப்பாக்கியோடு.

"அண்ணே, இது இருநூறு வருஷத்துப் பொருள். ஒரு பாளையக்காரர் வேட்டைக்குக் கொண்டுபோனது. இந்த மாதிரி இன்னொண்ணு எந்தக் காட்டிலும் கிடையாது," என்றது நரி.

"சுடுமா?"

"சுடுறதுக்கா இதை வாங்குவாங்க? சும்மா வச்சிருந்தாலே விலை ஏறும். மேல்மலைக் கருமந்தி பழைய துப்பாக்கின்னா உயிரையே விடும். உங்க ஒன்பது குடத்துக்குத் தொண்ணூறு குடம் கொடுக்கும்."

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அதன் மனைவி குறுக்கே வந்தது.

"ஏங்க, மழை பிடிச்சா பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்? ரெண்டு குடமாவது வையுங்க."

"தொண்ணூறு வரப்போகுது, ரெண்டுக்கு அழறியே," என்றது கரடி. ஒன்பது குடமும் நரியோடு போயின.

நாலு நாளில் வந்து பார்ப்பதாகக் கருமந்தி சொல்லி அனுப்பியது. கரடி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குழலெல்லாம் கறுப்பு. பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. இந்தக் கோலத்தில் காட்டினால் யார் வாங்குவார்கள்? புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தது. முதுகு பிடித்துக்கொண்டது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் துப்பாக்கி, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போலப் பளபளத்தது.

கருமந்தி வந்தது. பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இதை யார் தேய்ச்சது?"

"நான்தான்," என்று நெஞ்சை நிமிர்த்தியது கரடி.

"அடப்பாவி! அந்தக் கறுப்பும் களிம்பும்தானய்யா இருநூறு வருஷம். அதுக்குத்தான் தொண்ணூறு குடம் எடுத்து வச்சேன். இப்போ போன மாசம் செஞ்சது மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்."

"ஐம்பது குடம்?"

"வேண்டாம்."

"போகட்டும், நான் கொடுத்த ஒன்பதையாவது..."

கருமந்தி அதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. கரடி நரியிடம் ஓடியது.

"நான் கறுப்பாத்தானே கொடுத்தேன், அண்ணே?" என்று தேன் வழிந்த உதட்டை நக்கிக்கொண்டது நரி.

அன்றே மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. குட்டிகள் பசியில் அழுதன. கேட்கவே பாவமாக இருந்தது. அம்மாக் கரடி துப்பாக்கியின் குழலைக் கழற்றியது. அதைக் கரையான் புற்றுக்குள் செருகியது. குட்டிகள் வரிசையாக நின்று கரையானை உறிஞ்சின. எல்லோருக்கும் பிறகு அப்பாக் கரடியின் முறை வந்தது.

"மெதுவா ருசிச்சு உறிஞ்சுங்க," என்றது மனைவி. "ஒன்பது குடம் தேன் கொடுத்து வாங்கின குழாய்."

அருமை தெரியாத பொருளை நம்பி அடுப்படிச் சேமிப்பை வாரிக் கொடுக்கிறவனுக்கு, வரவேண்டிய லாபமும் வராது, இருந்த சோறும் மிஞ்சாது.