தலை சாய்ந்த ஆடு

மலையடிவாரத்தில் பர்வதம்மாள் நடத்திய மருந்துச் சாலையில் ஒரு விதி இருந்தது. புது மருந்தை ஒரு பிராணியிடம் சோதிக்க விரும்புகிறவர், அது ஏன் வேண்டும், வேறு வழியே இல்லையா என்பதை முதலில் சபையில் சொல்ல வேண்டும். சபையில் வைத்தியர்களோடு ஆடு மேய்ப்பவர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். வேதனை எந்த இடத்துக்குப் போனால் சோதனையை நிறுத்துவேன் என்பதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஆடுகளை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சாலையையே மூட வேண்டியிருக்கும்.

உமாபதி அங்கே சீடராகச் சேர்ந்தபோதே தலை நரைத்திருந்தது. குருவைவிட வயதில் மூத்தவர். நாற்று நட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியை நல்லபாம்பு கடித்து, அவள் அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு விஷமுறிவு மருந்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. பச்சிலைகளை மாற்றி மாற்றி அரைத்தார். கடைசியில் ஒரு கலவை கைகூடியது போலிருந்தது.

சபையில் எழுந்து நின்றார்.

"ஆடு தலையைத் தூக்க முடியாமப் போனா அதோட நிறுத்திடுவேன். வேதனையில்லாம உயிர் பிரியற கஷாயத்தைக் கொடுத்துடுவேன்" என்றார்.

மேய்ப்பர் சம்மதமாகத் தலையாட்டினார்.

சோதனை நாளன்று பர்வதம்மாள் பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். விஷம் ஏற்றி, மருந்தும் கொடுத்தாயிற்று. பொழுது ஏறுவதற்குள் ஆடு தலையைச் சாய்த்துவிட்டது. உமாபதி கஷாயக் கிண்ணத்தோடு அருகில் போனார். ஆடு கத்தியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மருந்து வேலை செய்யுமோ என்று தோன்றியது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

பகல் முழுவதும் கத்தல். குரல் போன பிறகும் வாய் திறந்து திறந்து மூடியது. உமாபதி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆடு தலையைத் தூக்கியது. பிறகு தள்ளாடி எழுந்து நின்றது. உமாபதி வாய்விட்டு அழுதார்.

பர்வதம்மாள் திரும்பி வந்ததும் உமாபதி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பதில் வருவதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நல்லபாம்பு கடித்த பெண் ஒருத்தி கண் செருகிக் கிடந்தாள். பர்வதம்மாள் யோசிக்கவில்லை. உமாபதியின் மருந்தை வாங்கித் தன் கையாலேயே புகட்டினார். மறுநாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் உமாபதியின் காலில் விழுந்து எழுந்தான்.

வண்டி போன பிறகு பர்வதம்மாள் உமாபதியை ஆட்டுப் பட்டிக்குக் கூட்டிப் போனார். உமாபதியைக் கண்டதும் அந்த ஆடு மூலைக்கு ஓடி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"பட்டிச் சாவியைக் கொடுங்க. மருந்து அரைக்கலாம், நோயாளிகளைப் பார்க்கலாம். இனிமே நீங்க இங்க மட்டும் வரக்கூடாது."

உமாபதி மடியிலிருந்து சாவியை எடுத்தார், ஆனால் நீட்டவில்லை.

"அம்மா, சொன்ன வார்த்தையை மீறிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா மருந்து பலிச்சிருக்கே. நீங்களே உங்க கையால கொடுத்தீங்க."

"கொடுத்தேன். இனியும் கொடுப்பேன். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை."

"விரியன் கடிக்கு இன்னும் மருந்தில்லையே. ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்க."

"ஆமா. அதை வேற யாராவது கண்டுபிடிக்கட்டும். நாளாகும்."

உமாபதி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மருந்து பலிக்காம, ஆடு செத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"சாவியை உங்ககிட்டயே விட்டிருப்பேன்."

அவருக்குப் புரியவில்லை. பர்வதம்மாள் ஆட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தக் கத்தல் உங்களைத் தூங்க விட்டிருக்காது. அடுத்த ஆடு தலை சாய்ஞ்சதும் கிண்ணத்தை எடுத்திருப்பீங்க. இப்போ பலிச்சுப்போச்சு. இனிமே எந்த ஆடு கத்தினாலும், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னுதான் உங்களுக்குத் தோணும்."

இல்லை என்று சொல்ல உமாபதி வாயெடுத்தார். மூலையில் நடுங்கிய ஆட்டைப் பார்த்தார். சாவியைப் பர்வதம்மாளின் கையில் வைத்தார்.