விக்கும் இன்ஜின்

ட்டக்... சர்ர்ர்... ட்டக்... சர்ர்ர்... ட்டக்.

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த பிளாரன்ஸ் பாதியில் நின்றார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு மீதிப் படிகளையும் ஏறினார். இடுப்பில் ஒரு முறம் அவரைக்காய்.

மேலே, அறையைச் சுற்றிப் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தில் ஒரு பொம்மை நீராவி இன்ஜின் நொண்டிக்கொண்டு போனது. நீளம் ஒரு சாண்கூட இருக்காது. அதற்கு எதிரே சென்னியப்பன் குந்தியிருந்தான்.

பிளாரன்ஸுக்கு நாற்பது வயது. சென்னியப்பனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் போத்தனூரில் அவருடைய மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறைக்குள் வந்துவிட்டால் அவர்தான் குரு, இவனும் யாகூப்பும் சீடர்கள்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்ணா."

"யாகூப்புக்கு நீங்க குடுத்த மோட்டாரு வேற, எனக்குக் குடுத்தது வேறயிங்களா?"

"ரெண்டும் பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாருங்ணா. ஒரே டப்பாவுலதான் கிடந்துச்சு. நீங்கதான் மொதல்ல கைய விட்டு எடுத்தீங்க."

"அப்ப பல்சக்கரம்?"

"அதுவும் அப்படித்தான்."



"டீ குடிக்கறப்ப அவனுக்கு வர்க்கி ரெண்டு வெக்கறீங்க. எனக்கு ஒண்ணு."

"உங்களுக்குச் சக்கரை வியாதிங்ணா."

அவன் திரும்பி இன்ஜினைப் பார்த்தான்.

மறுநாள் பொம்மை ரயில் கண்காட்சி. வருடத்துக்கு ஒருமுறை, சர்ச் ஹாலில். ஆறு பெட்டி கோத்த வண்டி மேடேறி இறங்கும், ஊரே பார்க்கும். அதன் தலையில் ஒரே ஒரு இன்ஜினுக்குத்தான் இடம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அது யாகூப்பின் இன்ஜின். எல்லோரும் கைதட்டியபோது சென்னியப்பனும் தட்டினான். வீட்டுக்குப் போய், பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

இந்த வருடம் யாருடையது என்பதை இன்று சாயங்காலம் பிளாரன்ஸ் சொல்வார்.

"என்ன செஞ்சு பாத்தீங்க?" என்று கேட்டபடி பிளாரன்ஸ் தரையில் உட்கார்ந்து நார் கிள்ளத் தொடங்கினார்.

"மோட்டார மாத்துனேன். எண்ணெ விட்டேன். ஈயத்தத் தட்டி உள்ள வெச்சு கனம் ஏத்துனேன். கோனியம்மன் கோயில் துன்னூறுகூடப் பூசுனேன்."

"எங்க?"

"பாய்லர் மேல."

"நல்லவேளை, தண்டவாளத்துல பூசல."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவன் இன்ஜினில் எதுவும் எதோடும் கூடப் பிறந்ததில்லை. உடம்பு உக்கடம் பழைய சாமான் கடையில் பொறுக்கிய உடைந்த பொம்மை. சக்கரம் பெங்களூர்க்காரர் ஒருவர் கழித்துப் போட்டது. அடிச்சட்டம் எங்கிருந்தோ பார்சலில் வந்தது. புகைபோக்கி பேனா மூடி. யாகூப்பின் இன்ஜினும் இப்படி ஒட்டுப் போட்டதுதான். ஆனால் அது ஓடுகிறது.

பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டார். கொண்டையில் செருகியிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை உருவினார். இன்ஜினைத் தூக்கி, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்த பித்தளை ராடுகளைக் கழற்றினார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

திரும்பத் தண்டவாளத்தில் வைத்தார்.

சர்ர்ர்ர்ர்ர்.

ஒரு விக்கல்கூட இல்லை.

"ஓடுதுங்களே!"

"ஓடுது."

"அப்ப மோட்டாரு?"

"நல்ல மோட்டாரு."

"சக்கரம்?"

"நல்ல சக்கரம்."

சென்னியப்பன் முகம் ஏனோ இன்னும் வாடியது.

"ராடு இல்லாமயே விட்டுரலாமுங்களா?"

"பின் சக்கரம் மட்டும் இழுத்தா ஆறு பெட்டி மேடேறாதுங்ணா. அதே எடத்துல நின்னு சுத்தும்."

பிளாரன்ஸ் ஒரு ராடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரம் போட்ட வேலை அத்தனை சுத்தம், கண்ணாடிபோல் இருந்தது. முனைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. அவற்றில் ஒன்று மட்டும் நடுவில் இல்லாமல் சற்று மேலே ஏறியிருந்தது.

"இந்த ஓட்டை ஏன் இப்படி?"

"டிரில்லு வழுக்கிருச்சுங்க."

பிளாரன்ஸ் இன்னொரு ராடையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே எடத்துலயா வழுக்குச்சு?"

சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

படியில் சத்தம் கேட்டது. யாகூப் வந்தான். முப்பது வயதிருக்கும், ஆட்டோ ஓட்டுகிறவன். கையில் பிஸ்கட் டின், அதற்குள் பழைய கைலித்துணியில் சுற்றிய இன்ஜின்.

"என்னங்ணா, உங்க எரும இன்னும் நொண்டுதா?"

"உன்னுது மட்டும் என்னவாம்? பாத்திரக்காரன் சைக்கிளாட்டம் கலகலன்னு வருது."

"அது வாஸ்தவந்தாங்ணா. ராடு ஓட்டையெல்லாம் தேஞ்சு லொடலொடன்னு ஆயிப்போச்சு. புதுசா அறுக்க உக்காந்தா எனக்குக் கை வர மாட்டேங்குது." யாகூப் பிளாரன்ஸைப் பார்த்தான். "நாளைக்கு மேட்டுல நின்னுருமோன்னு பயமா இருக்குக்கா."

பிளாரன்ஸ் கையை நீட்டினார். யாகூப் இன்ஜினைக் கொடுத்தான்.

அதன் ராடுகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். சென்னியப்பனின் ராடுகளை எடுத்தார்.

"அதுக்கு எப்படீங்க சேரும்?" என்றான் சென்னியப்பன்.

அழுத்த வேண்டியிருக்கவில்லை, தட்ட வேண்டியிருக்கவில்லை. வளையல் வழுக்கிக் கைக்குள் போவதுபோல் ராடு போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இன்ஜினை மேஜைமேல் விட்டுவிட்டு யாகூப் ஜும்மாவுக்குப் போயிருந்தான். பிளாரன்ஸ் கீழே கடையில். சென்னியப்பன் பித்தளைப் பட்டையை யாகூப்பின் ராடுமேல் வைத்து, ஊசியால் கீறிக் குறி எடுத்தான். அடிக்கடி படிப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். மேலே ஏறின அந்த ஓட்டையைப் பார்த்தான். சூட்சுமமே இதில்தான் இருக்கிறது என்று நினைத்தான். அதையும் அப்படியே எடுத்தான்.

தன்னுடைய இன்ஜினில் சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு இடைவெளி என்று ஒரு தடவைகூட அந்தப் பட்டையை வைத்துப் பார்க்கவில்லை.

பிளாரன்ஸ் யாகூப்பின் இன்ஜினைத் தண்டவாளத்தில் விட்டார்.

கலகலப்பு இல்லை. சத்தமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். யாகூப் குனிந்து காதை வைத்தான். ஓரமாக நின்ற ஆறு பெட்டியைக் கோத்தான். சுவரோரம் பலகை வைத்துத் தூக்கியிருந்த மேடு வந்தது. இன்ஜின் மூச்சுக்கூட வாங்காமல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

"யக்கா! இது யாரு செஞ்சது?"

பிளாரன்ஸ் சென்னியப்பனைப் பார்த்தார்.

"நாளைக்கு யாரு இன்ஜினுங்க?" என்றான் சென்னியப்பன்.

"நீங்களே சொல்லுங்ணா. ராடு உங்குளுது." பிளாரன்ஸ் ஸ்க்ரூடிரைவரை அவன் பக்கம் நீட்டினார். "வேணும்னா கழட்டிக்குங்க."

அவன் வாங்கிக்கொண்டான்.

யாகூப் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வண்டி சுற்றி வந்தது. சென்னியப்பன் கையை நீட்டினான். வண்டி விரலை ஒட்டிப் போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவையும் கை நீண்டுதான் இருந்தது. காது, அந்த விக்கலுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

"யாருங்ணா செஞ்சது?" என்றான் யாகூப் மறுபடியும்.

"நாந்தேன்." சென்னியப்பன் கையை மடக்கிக்கொண்டான். "மூடிக்கிட்டு வண்டியப் பாரு. வளைவுல கவுந்துறப் போவுது."

பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பிளாரன்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பிளாரன்ஸ் பாதியில் விட்ட முறத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"ரெண்டு பக்கமும் நார் எடுக்கோணுங்களா அம்மிணி?"

"ஒரு பக்கம் போதுங்ணா. பிஞ்சுதான்."

அவன் ஒரு காயை எடுத்து நுனியைக் கிள்ளினான்.