மேசைமேல் அடித்த மணி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சாப்பாட்டு ஆப் கம்பெனி மேலாளர் ஞானசேகர் கெட்டது தொழிலாளர் அலுவலகத்தில்.

டெலிவரிக்குப் போகையில் வண்டி சறுக்கிக் கை ஒடிந்த பேச்சியம்மாள், வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்கச் சொல்லி அங்கே மனு கொடுத்திருந்தாள்.

"இவங்க எங்க வேலையாள் இல்லீங்க மேடம். சுதந்திரப் பறவை. இஷ்டம்னா ஆர்டர் எடுக்கலாம், இல்லைன்னா விடலாம். நாங்க ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். வைத்தியம் வேணும்னா சுதந்திரத்தை விட்டுடணும்," என்றார் ஞானசேகர் அதிகாரியிடம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று பேச்சியம்மாளைக் கேட்டார் அதிகாரி.

பேச்சியம்மாள் ஆப்பைத் திறந்து போனை மேசைமேல் வைத்தாள். கை ஒடிந்தது அதற்குத் தெரியுமா? ஆர்டர் மணி அடித்தது. அவள் சும்மா இருந்தாள். மறுபடி அடித்தது. ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தாள். ஞானசேகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மணிக்குப் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"எடுத்துத் தொலையேன், கஸ்டமர் காத்திருக்கான்ல!"

"சரிங்க முதலாளி," என்றாள் அவள், மாவுக்கட்டுக் கையைத் தூக்கி. "பறக்கிறதை நான் விடலைங்க. றெக்கை ஒடிஞ்சா யார் பார்க்கணும்னுதான் கேட்க வந்தேன்."

ஞானசேகருக்குக் காது மடல் சுட்டது. அதிகாரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் ஷூவையே பார்த்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.