விளக்கு வைத்த பிறகு

"நீங்க செஞ்சது நியாயமில்லை, தாயே."

சொல்லிவிட்டான் மாசிலாமணி. சொன்ன பிறகுதான் யோசித்தான். ஐம்பது வயதுக்கு மேல் மடத்தைவிட்டுத் துரத்தினால் எங்கே போய் நிற்பது?

மருந்து இடித்துக்கொண்டிருந்த வேதவல்லி அம்மை தலை நிமிரவில்லை. அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவனுக்குக் குரு.

"எதைச் சொல்ற?"

"விளக்கு வச்ச பிறகு மருந்துப் பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. நேத்து ஒருத்தி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. உப்பளத்துல கூலி வேலை பாக்கிறவ. விளக்கு வச்சாச்சு, காலையில வான்னு வாசலோட அனுப்பிட்டேன். காலையிலயும் அவ வரலை. இன்னிக்கு அதே உப்பளத்து முதலாளி இருட்டுன பிறகு வந்தாரு. முட்டி வலியாம். அவருக்குப் பெட்டி திறக்குது!"

"திறக்கச் சொன்னது நான்தான்."

"அதைத்தான் கேக்கிறேன். கார்ல வந்தா ஒரு சட்டம், நடந்து வந்தா ஒரு சட்டமா? அந்த ஆளு போறப்ப என்னைப் பாத்து இளிச்சிட்டுப் போறாரு. எனக்கு வயிறு எரியுது. அந்தப் பிள்ளை கண்ணையே திறக்கலை, தாயே."

உரல் சத்தம் நின்றது.

"நேத்து ஒருத்தி வந்தாளா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க உள்ளே இருந்தீங்க."

"இன்னிக்கும் உள்ளேதான் இருந்தேன். முதலாளி வந்திருக்காரு, என்ன செய்யன்னு மூச்சு வாங்க ஓடி வந்து கேட்டியே. நேத்து ஏன் வரலை?"



அம்மை எழுந்து மருந்துப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நட."

"எங்கே, தாயே?"

"அவ வீட்டுக்கு."

அவன் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். தெருமுனைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கிழக்கே ஒரு குடிசைக் கூட்டம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு பெண் அழுகிற மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

பின்னால் வந்த அம்மை கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"சரி, பேரைச் சொல்லு. விசாரிச்சுக்கிட்டே போவோம்."

"கேக்கலை, தாயே."