தாழிக்குள் இருந்த வாள்

முன்னொரு காலத்தில், கருமணற்குன்றுக்குக் கிழக்கே இருந்த சீமையை வேங்கைவேள் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவனா என்றால் நல்லவன்தான், காலையில். மத்தியானம் என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரியாது.

அந்தக் குன்றில் இரும்பு உருக்குகிறவர்கள் ஏழு குடும்பம். அவர்களில் குவிரன் என்பவன் அடித்த வாளை ஒருநாள் ராசா ஏந்திப் பார்த்தான். "தத்தனாரே, நீர் பாடிய நூறு பாட்டும் இந்த ஒரு வாளுக்கு ஈடாகாது" என்று சபையில் சொல்லிச் சிரித்தான். தத்தனார் ராசாவின் குலப்பெருமை பாடும் புலவர். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வயிறு மட்டும் எரிந்தது.

அடுத்த கோடையில் ஏரி வெட்டும்போது இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்தாழி அகப்பட்டது. உள்ளே எலும்பும், துருவேறிய ஒரு வாளும். எந்தக் காலத்துப் பிணம் என்று யாருக்கும் தெரியவில்லை. தத்தனாருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"மன்னா, இவர் தங்கள் குலமுதல்வர்! உலகத்தில் முதன்முதலாக மண்ணிலிருந்து இரும்பு எடுத்தவர் இவரே. குன்றில் இருப்பவர்கள் அந்த வித்தையைத் திருடிப் பிழைக்கிறார்கள்."

ராசாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். உலைகளை அவிக்க வேண்டும், மூட்டுகிறவனுக்குச் சிறை.

ஏழு உலையும் அவிந்தன. முதல் மழை விழுந்ததும் குடியானவர்கள் தேய்ந்த ஏர்க்கொழுக்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை வைத்து எப்படியப்பா உழுவது?" என்று கெஞ்சினார்கள். குவிரனுக்கு மனம் கேட்கவில்லை. ஒரே ஒரு உலையை மூட்டினான். புகை காட்டிக்கொடுத்தது. காவலர்கள் வந்து அவனை இழுத்துப் போனார்கள்.

அவன் மனைவி கொற்றி பதினோரு நாள் கோட்டைவாசலில் நின்றாள். உள்ளே அவனுக்குக் கடும் காய்ச்சல் என்று ஒரு காவலன் சொன்னான். பிறகு அவனும் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். கொற்றிக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மனம் அடித்துச் சொன்னது. வெறும் கையோடு வீடு திரும்ப முடியாமல்தான் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் ராசாவுக்குப் பொழுது போகவில்லை. "வாசலில் நிற்கிறாளே ஒருத்தி, அவளைக் கூப்பிடு" என்றான்.

கொற்றி வந்து நின்றாள்.

"பெண்ணே, அழுகை கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சுவையாக ஏதாவது பேசு, கேட்கிறேன். கண்ணீர் வந்தால் வெளியே போ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அழ வரலை ராசா. உங்க பாட்டனாரைக் கும்பிட்டுப் போக வந்தேன்."

சபை கொல்லென்று சிரித்தது. நடுவில் பட்டு விரித்துத் தாழியை வைத்திருந்தார்கள். கொற்றி அதைச் சுற்றிவந்து கும்பிட்டாள். தத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் படிக்காதவ. இதுக்குள்ள இருக்கிற எல்லாமே அவரோடதுதானா? இடையில யாராச்சும் எதையாச்சும் போட்டிருக்க மாட்டாங்களே?"

"என்ன கேள்வி இது! மூடியை என் கண்முன்தான் திறந்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு துகளும் குலமுதல்வருடையதே. இல்லையென்றால் என் நாக்கை அறுக்கலாம்."

"நாக்கு வேண்டாங்க. அப்புறம் எதை வச்சுப் பாடுவீங்க?"

ராசா தொடையைத் தட்டிச் சிரித்தான். கொற்றி தோள்வரை கையை விட்டு, எலும்புகளை மெல்ல ஒதுக்கி, அடிமண்ணிலிருந்து இரண்டு பொருளை எடுத்தாள். ஒன்று சுட்ட மண்குழாய்; அதன் ஒரு முனை உருகி மினுங்கியது. மற்றது ஓட்டை ஓட்டையான கறுப்புக் கட்டி.

"இதெல்லாம் என்ன?" என்றான் ராசா.

"இது துருத்தியோட மூக்கு. காத்து இதுவழியாத்தான் உலைக்குள்ள போகும். நெருப்புல முனை உருகியிருக்கு பாருங்க. இது கிட்டம், இரும்பு இறங்கினபிறகு மிஞ்சுற கசடு. எங்க ஆள் செத்தா இந்த ரெண்டையும் கூட வச்சுத்தான் புதைப்போம்."

கொற்றி இரண்டையும் பட்டின்மேல் வைத்தாள்.

"புலவர் சொன்னது நிசம்னா உங்க பாட்டனார் எங்க குன்றுக்காரர், நீங்க எனக்கு மாமன் முறை. உலை ஊதினவர் பேரன் உலையை அவிக்கலாமா? பொய்யின்னா, இந்த வாளும் எங்களோடது, வித்தையும் எங்களோடது. அப்புறம் திருட்டு எங்கேருந்து வந்தது? ரெண்டுல எதுன்னு ராசாவே சொல்லுங்க."

ராசா கிட்டத்தைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டிருந்த மந்திரிகளைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு பீறிட்டது.

"இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி! நன்றாக மாட்டிவிட்டாள்! தத்தனாரே, உம்மால் நான் உலைக்காரிக்கு மாமன் ஆகப்பார்த்தேன். பாடியது போதும். ஏறும் குதிரையில்! ஒரு மண்டலம் குன்றில் துருத்தி ஊதும். உலைகள் எரியட்டும். இவள் புருஷனை அழைத்து வாருங்கள்."

தத்தனார் தலைகவிழ்ந்து வெளியேறினார். கொற்றி வாசற்பக்கம் திரும்பி நின்றாள். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சிதான் வைக்க வேண்டும், உப்பு குறைத்து, என்று நினைத்தாள்.

போன காவலன் தனியாகத் திரும்பினான்.

"மகாராசா, அவன் முந்தாநாளே செத்துப்போய்விட்டான். யாரும் கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை."

முந்தாநாள் அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். ஒரு சுவருக்கு இப்பால்.

"அடடா" என்றான் ராசா. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அவள் கை எழவில்லை. மாலையை அவள் காலடியில் வைத்தான். சாப்பாட்டுக்கு மணி அடித்தது, போய்விட்டான்.

குவிரனை ஏற்றிய கட்டைவண்டியில் இரண்டு நாள் வழி. தூரத்திலேயே குன்றின்மேல் ஏழு புகை தெரிந்தது. பறையடித்துக்கொண்டு சனங்கள் ஓடிவந்தார்கள். "ஜெயிச்சிட்ட கொற்றி!" என்று கத்தினார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றார்கள். பறை ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

குவிரனின் உலையில் தத்தனார் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

"அம்மா, இவ்வளவு ஆகும் என்று நான் நினைக்கவில்லை."

கொற்றி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மங்கிக்கொண்டு வந்த உலைவாயைப் பார்த்தாள்.

"கையை எடுக்காதீங்க ஐயா. பாதியில நின்னா உள்ள இருக்கிறது வீணாப் போயிரும்" என்றாள்.

அவர் உட்கார்ந்து ஊதினார். அவள் குழி தோண்ட இடம் பார்க்கப் போனாள்.