கோணவாலனுக்குப் பயம் போன கதை

ஏய், உக்காருங்க! பேச்சை நிறுத்துங்க! பூனைக்குட்டியோட மண்ணுல புரண்டுட்டு வந்தவன் போய்க் கையைக் கழுவிட்டு வா. மத்தவங்க கேளுங்க.

ஒரு அரிசி மில்லு. அதுக்குள்ள நூறு எலி. அதுகளுக்கு எமனா ஒரு செவலைப் பூனை. "மியாவ்"னா போதும், நூறு வாலும் வளைக்குள்ள!

அதுல ஒருத்தன் கோணவாலன். பயந்தாங்கொள்ளின்னா அப்பிடியொரு பயந்தாங்கொள்ளி! ஒருநாள் பசி பொறுக்கல. பூனை வெளிக்கிருந்து பீயை மூடி வைக்கிற உமிக் குவியல்ல கிடந்த நெல்லைத் தின்னுட்டான். நெல்லோட ஒரு கிருமியும் உள்ள போச்சு. கண்ணுக்கே தெரியாத பொடிசு! அது மண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு, கீச்சுக்குரல்ல, "பூனை வயித்துலதான்டா என் வம்சம் பெருகும். கொண்டுபோய் விடுடா!"ன்னுச்சு.

கோணவாலன் காதுல அது விழல. ஆனா மூக்கு மாறிப் போச்சு.

கொஞ்ச நாள்ல மீசையை முறுக்கிக்கிட்டு வந்தான். "பூனை வாசனை என்னமா மணக்குது! நேத்து அது படுத்திருந்த சாக்குலயே உருண்டுட்டு வந்தேன்!"

"அடேங்கப்பா! நம்ம கோணவாலனா?" மில்லே மார்தட்டுச்சு. "சிங்கம்டா எங்காளு!"ன்னுச்சு நாட்டாமை எலி.

"இப்பப் பாருங்க!"ன்னு கோணவாலன் நெஞ்சை நிமித்திக்கிட்டு பூனை மூக்குக்கு நேராப் போய் நின்னான்.

பூனைக்கே சந்தேகம். "என்னடா இது, சாப்பாடு தானா நடந்து வருது?"

"தைரியம் இருந்தாத் தொட்டுப் பாரு!"

தொட்டுச்சு. முழுங்குச்சு. ஏப்பம் விட்டுச்சு. "வந்து சேந்துட்டேன்!"னு உள்ளயிருந்து கிருமி கூத்தாடுச்சு.

வளைக்குள்ள நாட்டாமை எலி கத்துச்சு. "வீரமரணம்! நம்ம குலத்துக்கே பெருமை! அடுத்து யாரு?"

"நாங்க!" கோணவாலனோட ஒம்போது பிள்ளைகளும் முன்னால வந்து நின்னுச்சு.

அவன் பொண்டாட்டி சிறுமூக்கி பாஞ்சு வந்தா. ஒம்போது வாலையும் சேத்துப் புடிச்சுப் பின்னால இழுத்தா.

"என்னம்மா! புருசன் வீரத்துல உனக்குப் பெருமையே இல்லையா?"ன்னுச்சு நாட்டாமை எலி.

"இருக்கு மாமா! பயந்து பயந்தே ஒம்போது பிள்ளையைக் காப்பாத்துன எலி அது. அதுதான் எனக்குப் பெருமை. பூனை மூடுன உமியில மேஞ்ச பொறவு வந்த இந்த வீரம் வியாதி. திடீர்னு பயம் விட்டுப் போச்சுன்னா மீசையை முறுக்காதீங்க, எதைத் தின்னு தொலைச்சோம்னு யோசிங்க!"